மோட்டாருக்குள் ஓர் உலோகக் கண்ணாடி

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் சுழலும் மின்விசிறிகளை அண்ணாந்து பாருங்கள். வெகுநேரம் ஓடிய விசிறியின் மோட்டார் சூடாகியிருக்கும். நமக்கு வேண்டியது காற்று. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கம்பிச் சுருளின் மின்தடை ஒரு காரணம். இன்னொன்று, சுருளைத் தாங்கும் இரும்பு உள்ளகம். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. உள்ளகத்தின் காந்தத் திசையும் அதே வேகத்தில் புரள வேண்டும். ஒவ்வொரு புரளலிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகிறது. மேலும், மாறும் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவையும் இரும்பைச் சூடாக்குகின்றன. அதனால்தான் உள்ளகத்தை ஒரே கட்டியாகச் செய்யாமல், காப்புப் பூச்சுள்ள மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்கிறார்கள். தகட்டின் தடிமன் பாதியானால் சுழல் மின்னோட்ட இழப்பு கால்வாசியாகும்.

அப்படியானால் தகட்டை இன்னும் மெல்லியதாக்கலாமே? இதற்கான வழி 1960ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கியது. போல் டுவெஸ் குழுவினர், தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகிய உலோகத்தை மிக வேகமாகக் குளிர வைத்தனர். பொதுவாக உலோக அணுக்கள், பள்ளியின் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவர்களைப் போல வரிசையாக நிற்கும். இங்கே வரிசையில் நிற்கவே நேரமில்லை. ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. கண்ணாடியிலும் அணுக்கள் வரிசையின்றித்தான் இருக்கும். அதனால் இதற்கு உலோகக் கண்ணாடி என்று பெயர்.

பிறகு இரும்பு, சிலிக்கான், போரான் கலவை வந்தது. உருகிய கலவையை வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் பாய்ச்சினால், வினாடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து, 0.025 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாடாவாக வெளியேறும். தலைமுடியைவிட மெல்லியது! படிகங்கள் இல்லாததால் காந்தத் திசை எளிதில் புரளும். மின்தடையும் எஃகைவிட அதிகம். இழப்பு வெகுவாகக் குறைகிறது.

மின்மாற்றிக்கு இந்த நாடாவைச் சுருட்டினாலே போதும். அதனால் அங்கே முதலில் நுழைந்துவிட்டது. மோட்டார் உள்ளகத்திலோ கம்பி சுற்றப் பற்கள் வெட்ட வேண்டும். நாடா மிகக் கடினமானது, வெட்டும் அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். 0.35 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒன்றுக்கு ஈடாக 14 நாடாக்களை வெட்டி அடுக்க வேண்டும். அது தாங்கும் உச்சக் காந்தப்புலமும் எஃகைவிடக் குறைவு. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் மோட்டாரின் வடிவத்தையே மாற்றி, எளிய உள்ளகங்களைப் பயன்படுத்தியது. 2012ல் அது அறிவித்த 11 கிலோவாட் மோட்டாரின் செயல்திறன் சுமார் 93 விழுக்காடு. அதில் விலையுயர்ந்த அருமண் காந்தங்களும் இல்லை.

தேக்கா மின்விசிறிக்கு இத்தனை சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து. மின்வாகனத்தின் கதை வேறு. நான்கு இணைக் காந்த முனைகள் கொண்ட மோட்டார் நிமிடத்திற்கு 12,000 முறை சுழன்றால், அதிர்வெண் 800 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தைப்போல் 16 மடங்கு. சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே தகடு, அதே காந்தப்புலம் என்றால் இழப்பு எத்தனை மடங்காகும்? 256.