பழைய காரும் புதிய பீய்ச்சுமுறையும்

தமிழ்த்துறை மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். பட்டறை வினையொன்றை எழுத்தில் விளக்க முற்படும்போதே நம் உரைநடையின் வலிமையும் மெலிவும் ஒருங்கே புலப்படுகின்றன. ஆதலின், சுவீடன் நாட்டு வால்வோ 240 என்னும் காரின் எரிபொருள் பீய்ச்சுமுறையை மாற்றும் வேலையை ஈண்டுச் சொல்லிப் பார்க்கிறோம்.

1974 முதல் 1993 வரை உற்பத்தியான இக்காரின் முந்தைய வண்டிகள் பலவற்றில் பாஷ் நிறுவனம் 1973-இல் கொணர்ந்த கே-ஜெட்ரானிக் என்னும் அமைப்பு இருந்தது. 'கே' என்பது 'தொடர்ச்சியான' எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. பெயருக்கேற்ப அதில் எரிபொருள் இடைவிடாது பாயும். உள்ளே வரும் காற்று ஒரு தட்டை உயர்த்தும்; தட்டு நெம்புகோலை அசைக்கும்; நெம்புகோல் எரிபொருளைப் பகிர்ந்தளிக்கும் உருளையைத் தள்ளும். அளவிடும் வேலை முழுவதும் காற்றாலும் இரும்பாலுமே நடைபெறும். அழுத்தமோ ஏறத்தாழ 5 பார். கார்ப்பரேட்டர் பம்பு தரும் அழுத்தத்தைப் போல் அது பன்மடங்காகும்.

பின்னர் வந்தது எல்.எச்.-ஜெட்ரானிக். 'எல்' காற்றையும் 'எச்' சூடான கம்பியையும் குறிப்பன. காற்றுவழியின் நடுவே பிளாட்டினக் கம்பியொன்று சூடாக வைக்கப்பட்டிருக்கும். கடந்து செல்லும் காற்று அதனைக் குளிர்விக்கும். சூட்டைக் குறையாமல் காக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டியிருக்கிறதோ, அதுவே காற்றின் நிறைக்கு அளவாகிறது. கணிப்பொறி அதனைக் கொண்டு இஞ்செக்டர்கள் திறந்திருக்கும் நேரத்தை நிர்ணயிக்கும்.

பழையதைப் பெயர்த்துப் புதியதைப் பூட்டுவதோடு மாற்றம் முடிந்துவிடுவதில்லை. 1989-க்குப் பிந்திய எல்.எச். 2.4 அமைப்பைப் பொருத்த விரும்புவோர் ஃப்ளைவீலையும் மாற்ற நேரிடும். எஞ்சினின் சுழற்சியைச் சென்சார் அறிவதற்கான குறிகள் பழைய சக்கரத்தில் இல்லை. காசைக் கொடுத்துக் கணிப்பொறியை வாங்கிய பின்னர் இதனை அறிந்து திகைப்பாரும் உளர்.

இனி வயரிங். எஞ்சின்மீது காட்டும் அக்கறையைப் பலர் வயர்மீது காட்டுவதில்லை. நம் கருத்தில் அதுவே தலையாயது. 1980-களின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வெளிவந்த வால்வோ வண்டிகளில் எஞ்சின் வயரின் மேலுறை வெப்பத்தால் பொடிந்து உதிர்வது நன்கறியப்பட்ட குறையாகும். உறை உதிர்ந்த செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தீண்டினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாறான பழைய கட்டிலேயே புதிய அமைப்பை ஒட்டவைப்பது மணல்மீது சுவரெழுப்புவதாகும்.

எர்த் இணைப்பும் அத்தகையதே. ஆக்சிஜன் சென்சார் தரும் குறிப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. துருவேறிய எர்த்தும், அருகிலோடும் இக்னிஷன் வயரும் அதனைக் கெடுத்துவிடும். வெப்பச் சென்சாரின் மின்தடையோ சூடு ஏற ஏறக் குறையும். அதன் வயர் அறுபட்டால் தடை எல்லையற்றதாகும். கணிப்பொறியோ எஞ்சின் உறைபனியில் கிடப்பதாகக் கருதி எரிபொருளை வாரியிறைக்கும். எல்.எச். 2.4 இதற்குத் தற்காப்பு மதிப்பொன்றை வைத்திருக்கிறது.

பம்பு, ரிலே, சென்சார் என்பன இரவற்சொற்களே. எனினும் கசிதல், திணறுதல், பீய்ச்சுதல், இறுகப் பிடித்தல் முதலிய வினைகள் அனைத்தும் நம்முடையவை. பெயருக்குக் கலைச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியையேனும் இவ்வினைகளைத் தொகுப்பதில் காட்டலாம்.

உயிர்க்காப்பு பற்றி ஒன்று. எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்றல் வேண்டும். விபத்தில் குழாய் அறுந்து, பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோல் சூடான எஞ்சின்மீது பாயும். இதனாலேயே பம்பின் ரிலே எஞ்சின் சுழற்சிக்குக் கட்டுப்பட்டதாக அமைக்கப்பட்டுள்ளது. எளிதாகிறதென்று பம்புக்கு நேரடி மின்சாரம் கொடுப்பாரை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். குழாய்களும் உயரழுத்தத்திற்குரியனவாக இருத்தல் இன்றியமையாதது.

கே-ஜெட்ரானிக் பழுதின்றி இயங்குமாயின் அதனை மாற்ற வேண்டுவதே இல்லை என்பதையும் கூறிவிடுகிறோம். மாற்றியவர் முதலில் பம்பை மட்டும் ஓட்டிக் கசிவு பார்த்து, அதன்பின்னரே எஞ்சினை முடுக்க வேண்டும். எல்.எச். 2.4-இல் குறைகளைக் கூறும் சிறு விளக்கொன்று எஞ்சின் அறையில் உண்டு. பொத்தானை அழுத்தினால் எண்களாக மின்னும். ஒன்று, ஒன்று, ஒன்று என மின்னினால் கணிப்பொறி குறையேதும் காணவில்லை என்று பொருள்.