ஸ்நான அறையும் கொல்லைச் சந்தும்

சென்னைக்கு ரயிலில் வந்திருக்கும் நேயர்களுக்குப் பேசின் பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸென்ட்ரல் வந்தே விட்டதென்று மூட்டை முடிச்சுகளுடன் வாசலண்டை நிற்கும்போது, வண்டி திடீரென்று யோசனையில் ஆழ்ந்துவிடுமே, அந்த இடந்தான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என் நண்பர் ஒருவர் வசிக்கிறார். பாட்டனார் காலத்து வரிசை வீடு. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருக்கும் பொது. அகலம் அற்பம், நீளமோ தெருவிலிருந்து கொல்லைச் சந்து வரையில்.

சென்ற வருஷம் அவருடைய வயோதிகத் தாயார் ஸ்நான அறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அறையைப் புதுப்பித்தே தீருவதென்று நண்பர் அன்றே புறப்பட்டு, நேரே டைல்ஸ் கடைக்குப் போனார். கண்ணாடி போல் பளபளக்கும் தினுசு ஒன்று அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டது. "முகம் பார்த்துக்கொள்ள ஸ்நான அறையின் தரை எதற்கு?" என்று கேட்டேன். நண்பர் காதில் விழவில்லை.

நல்ல வேளையாக, வந்த கொத்தனார் டைல்ஸைப் பார்க்கவே இல்லை. பழைய கடப்பைக் கல் தரையில் ஒரு வாளி ஜலத்தைக் கொட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். ஜலம் சற்றுத் தயங்கி, வாசற்படியை நோக்கி நடந்தது. "வாட்டம் செத்துப் போச்சு, ஸார்!" என்றார்.

இந்தக் காரியத்தின் சாஸ்திரம் முழுவதும் 'வாட்டம்' என்னும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஆறடிக்கு ஓர் அங்குலமாவது தரை சாய்ந்து ஜலதாரையை நோக்க வேண்டும். பழைய கல்லின் மேலேயே புதியதை ஒட்டினால் தரைதான் உயரும். குளித்த ஜலம் கூடத்துக்கு விருந்து வரும். ஆகவே இடித்துத்தான் ஆகவேண்டும். ஜலம் கசியாத பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்ற வேண்டும். பொதுச் சுவரில் ஏறும் ஈரம் அண்டை வீட்டாருடன் வழக்கில் முடியும்.

இடிக்கும்போது, கொல்லைச் சுவரின் அடியில் செங்கல் வைத்து அடைத்த துவாரம் ஒன்று வெளிப்பட்டது. எடுப்புக் கக்கூஸின் வாய் அது. ஒரு காலத்தில் தினந்தோறும் ஒரு மனித ஜீவன் அந்தச் சந்தின் வழியே வந்து, அந்தத் துவாரத்தில் கை விட்டு அள்ளிச் சென்றது. தெருவில் போவோர் கண்ணில் படாதிருக்கவே பின்னால் தனி வழி! தாயார் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவள் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாதடா" என்றார்.

காந்தியடிகள் 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் தாமே துடைப்பம் எடுத்துக் கக்கூஸைச் சுத்தம் செய்தார். இந்த வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டமோ 1993-ல்தான் பிறந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ம் வருஷச் சட்டம் குற்றமாக்கிற்று. எனவே கொத்தனார், கொல்லையில் மூடி போட்ட சோதனைத் தொட்டி ஒன்று கட்டினார். அடைத்துக்கொண்டால் மேலிருந்தே கம்பி விட்டுக் குத்தலாம். எவரும் கை வைக்க வேண்டாம்.

இன்னொரு செலவையும் அவர் விடவில்லை. பள்ளமான பிரதேசம் அது. 1993-ம் 2013-ம் போல 2023-ம் மறக்கத்தக்கதல்ல. அந்த வருஷம் டிஸம்பர் புயலில், பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவிலுள்ள பாலத்தை வெள்ளம் நெருங்கி ரயில்களே நின்றுபோயின. அத்தகைய நாட்களில் பாதாளச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் புகும். போகும் ஜலத்துக்கு வழி விட்டு, திரும்பும் ஜலத்துக்குக் கதவடைக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று அவசியமாயிற்று. அதற்குப் பணம்? பளபளக்கும் டைல்ஸ் போய்ச் சொரசொரப்பான மலிவுத் தினுசு வந்தது. மிச்சத்தில் தாயார் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடியும் கிடைத்தது.

பூச்சு முடிந்ததும் அறையில் இரண்டு நாள் ஜலம் கட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். நண்பருக்கு நெஞ்சு படபடத்தது. சுவர் காய்ந்தே இருக்கிறதென்று சொல்லிவிட்டு, அவர் கொத்தனாரின் விலாசத்தைக் கேட்டார்.