ஆற்றுப்படையும் ஏடு தேடிய செலவும்

பயணம் மனிதனை வளர்க்கும் என்பது யாவரும் உடன்படும் கூற்றாகும். ஆயினும், அஃது எவ்வாறு வளர்க்கின்றது என்னும் வினாவிற்கு விடை காண்டல் எளிதன்று. பல ஊர் கண்டோர் யாவரும் அறிவால் உயர்ந்தோர் ஆதல் இல்லை. சென்றவாறே மீண்டோரும் உளர். ஆதலின் பயணத்தின்கண் வளர்ச்சிக்குக் காரணமாய் நிற்பது யாது என ஆராய்தல் வேண்டும். ஆற்றுப்படை என்னும் இலக்கியத் துறையையும், அத்துறைப் பாட்டுகளை ஏடுகளினின்று மீட்டுத் தந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் செலவையும் சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

பத்துப்பாட்டினுள் சரிபாதியாகிய 5 பாட்டுகள் ஆற்றுப்படைகளே. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போருள் பரிசில் பெற்று மீள்வோர், பெறாது எதிர்ப்படுவோர்க்குத் தாம் பெற்ற வளத்தை அறிவுறுத்தி வழிகாட்டுதல் இத்துறையின் இலக்கணம் என்பர் தொல்காப்பியர். இவ்விலக்கணத்துள் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. புறப்படுவோன் குறையுடையவன், வழியில் பிறரைச் சார்ந்து செல்பவன், பெற்றபின் தான் பெற்ற வழியைப் பிறர்க்கு உரைப்பவன்.

இவற்றுள் இடைப்பட்ட கூறு ஊன்றி நோக்கத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் வழி, எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, உழவர் ஊர், வலைஞர் சேரி, அந்தணர் இருப்பு எனப் பல்வேறு வாழ்க்கையினர் வாயில்களைக் கடந்து செல்கின்றது. ஒவ்வோரிடத்தும் அவ்விடத்தார் உண்ணும் உணவே அவனுக்குக் கிடைக்கும் எனப் புலவர் கூறுகின்றார். வேற்று நிலத்தாரின் உணவை அவர்தம் முற்றத்திலிருந்து உண்பவன் அவர்களை இகழ்ந்து நோக்குதல் அரிது. மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் விரித்துரைக்கின்றது. பன்றிக்கு அகழ்ந்த குழிகள், புனங்காவலர் எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் பாறைகள் ஆகியவை முன்னரே உணர்த்தப்படுகின்றன. தாம் பட்ட இடரைப் பிறர் படாவாறு சொல்லும் பரிவு அதன்கண் உளது. பாணனும் கூத்தனும் பெற்ற பரிசில் பொருளே எனினும், அப்பொருளால் மட்டும் இப்பரிவு விளைதல் இல்லை என்க.

இம்மூன்று கூறுகளும் அண்மைக் காலத்து அறிஞர் ஒருவர் வாழ்வில் பொருந்திவரக் காண்கின்றோம். 1855ஆம் ஆண்டு பிறந்த ஐயரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரவர்களைக் கண்டபோது, அவர் இந்நூற் பட்டியலைக் கேட்டு வியந்திலர். இவற்றிற்கு முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவிச் சீவகசிந்தாமணியைப் பாடஞ்சொல்லுமாறு வேண்டினார். நிறைந்த கல்வியர் என மதிக்கப்பெற்ற ஒருவர் தம் குறையை உணர்ந்த இடம் இதுவேயாகும். அவர்தம் செலவு இக்குறையுணர்விலேயே தொடங்கிற்று எனல் பொருந்தும்.

அச்செலவின் முதற்பகுதி மிகக் குறுகியது. சிந்தாமணி சமண காவியமாதலின் அதன் சமயக் கருத்துகள் சைவ மடத்துக் கல்வியால் விளங்கவில்லை. ஐயரவர்கள் கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர், சில தெருக்களுக்கு அப்பால் மாணாக்கராய் அமர்ந்தார். ஏட்டில் மட்டுமே எஞ்சியதென எண்ணிய நூல் சமணர் இல்லங்களில் வழிவழியாகப் போற்றிப் படிக்கப்பெற்று வந்தது என்பதையும் அங்கே அறிந்தார். ஒருவர் சென்ற தொலைவு வேறு, அவர்தம் உள்ளம் கடந்த தொலைவு வேறு என்பதற்கு இஃது ஏற்ற சான்று. சிந்தாமணி 1887ஆம் ஆண்டு அச்சேறியது.

பின்னர்ப் பத்துப்பாட்டு முதலியவற்றின் ஏடுகளை நாடி நெடுந்தொலைவு சென்றார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உள என்று கேட்டுச் சென்றபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்ற செய்தியே கிடைத்தது. அழித்தோர் தீய எண்ணத்தால் அழித்திலர். விதியைப் பின்பற்றுவதாகக் கருதியே செய்தனர். அறியாமையும் பக்தியும் ஒருங்கே நின்று நூலை அழிக்கக்கூடும் என்பதனைக் கல்லூரி அறையிலிருந்து உணர்தல் இயலாது. இழப்பை நேரிற் கண்டமையே காலந்தாழ்த்தலாகாது என்னும் பொறுப்பை அவர்தம் உள்ளத்தில் ஊன்றியது எனலாம்.

ஆழ்வார்திருநகரியிலோ நிகழ்ச்சி வேறாயிற்று. கவிராயர் இல்லத்துச் சுவடிகளை நாட்கணக்கில் ஆராய்ந்தும் தேடியது கிட்டவில்லை. இறுதியில் இலக்குமண கவிராயர், தம் உறவினர் இல்லத்திலிருந்து கொணர்ந்த சுவடியை நிலவொளியில் பிரித்து நோக்கியபோது முல்லைப்பாட்டு என்னும் பெயர் புலப்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் சிதைந்திருந்த சில பூப்பெயர்கள் தருமபுர ஆதீனத்து ஏட்டினின்று கிடைத்தன. ஓரிடத்து ஏட்டில் இல்லாதது பிறிதோரிடத்து ஏட்டில் இருத்தலைப் பலகாலும் கண்டவர், தம் ஊகத்தால் பாடத்தைத் திருத்த விரையார். கிடைத்த பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் அவர்தம் பதிப்பு நெறி, பல வாயில்களில் நின்று பெற்ற அடக்கத்தோடு தொடர்புடையது என்பது எம் கருத்து.

பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோர் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பெற்றுள்ளன. பிற்காலத்து எழுதிய ‘என் சரித்திரம்’ என்னும் நூலோ சென்ற வழியையும் உற்ற இடரையும் உதவிய உள்ளங்களையும் விரித்துரைக்கின்றது. பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தும் ஆற்றுப்படையின் மூன்றாம் கூறு இவ்வாறு நிறைவுறுகின்றது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், பயணத்தில் மனிதனை வளர்ப்பது கண்ட காட்சிகளின் பெருக்கம் அன்று. குறையுணர்ந்து பிறர் வாயிலில் நிற்கும் நிலையே என்பதாம். பொருளுடையான் வேண்டியவற்றை விலைகொடுத்துப் பெற்று மீளும்போது இந்நிலை எய்துதல் அரிது. சென்றவாறே மீள்வோர் உளராதற்குக் காரணமும் இதுவேயாகும்.

இன்று சுவடிகள் பலவற்றின் படங்களை இருந்த இடத்திருந்தே கணிப்பொறித் திரையில் நோக்கும் வசதி வந்துளது. கரையான் உண்ணாமலும் தீயிற் படாமலும் எழுத்துகள் காக்கப்பெறுதல் பெரும்பேறே. ஆயினும், படம் எழுத்தைத் தருமேயன்றி, அவ்வெழுத்தைக் காத்த குடியினர் அதனை எவ்வாறு ஓதினர், எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதைத் தராது. அவற்றை அறிந்த முதியோர் இன்றும் ஊர்களில் உளர். அவர்களை நாடிச் சென்று வினவும் வழக்கத்தை இளம் ஆராய்ச்சியாளர் கைவிடாதிருத்தல் வேண்டும். நூலுக்கு அதனால் விளையும் நன்மை ஒருபுறமாக, சென்று வினவுவோர்க்கு விளையும் நன்மையும் சிறிதன்று.