சூடான பாத்திரத்துக்கு மேக்னட்டிக் ஸ்டிரர்... வீட்லயே செய்யலாமா?

காலேஜ் லேப்ல பார்த்திருப்பீங்க. பீக்கருக்குள்ள ஒரு குட்டி வெள்ளைக் குச்சி, யாரும் தொடாமலே கிர்ருனு சுத்தும். அதுதான் மேக்னட்டிக் ஸ்டிரர். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இருந்தா வீட்லயே செய்யலாம். ஆனா, கண்ணாடியில் ஜோராகச் சுற்றும் குச்சி, சூடான உலோகப் பாத்திரத்தில் அடம்பிடிக்கும். ஏன்?

எப்படிச் செய்வது?

12 வோல்ட் ஃபேனின் நடுவில் இரண்டு காந்தங்களை ஒட்டணும். ஒன்றின் வடதுருவமும் இன்னொன்றின் தென்துருவமும் மேலே பார்க்கணும். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட குச்சியின் நீளத்துக்கு இடைவெளி. ஃபேனைத் தொடாதபடி மேலே மெல்லிய மரப்பலகை, அதன்மேல் பாத்திரம். ஸ்பீடு கன்ட்ரோலர் வைத்து மெதுவாக ஆரம்பிங்க. எடுத்ததுமே வேகம் கொடுத்தால் குச்சி தெறித்து ஓரமாகப் போய்விடும்.

எந்தப் பாத்திரம்?

ஃப்ரிட்ஜ் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்க. ஒட்டினால் அது வேலைக்கு ஆகாது. காந்தப்புலத்தை அந்த உலோகமே வாங்கிக்கொள்ளும். குச்சிக்குப் போய்ச் சேராது. இண்டக்‌ஷன் பாத்திரங்கள் இந்த ரகம்தான்.

அலுமினியம், செம்பில் காந்தம் ஒட்டாதே என்கிறீர்களா? அங்கே வேறு சிக்கல். காந்தம் சுற்றும்போது அந்த உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உருவாகி, பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். அடிப்பாகம் தடிமனாக இருந்தால் இன்னும் மோசம். காந்தம் ஒட்டாத, மெல்லிய எவர்சில்வர்தான் பெஸ்ட். அது மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். அதனால் இழுப்பும் குறைவு.

சூடு என்ன செய்யும்?

சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சக்தியை இழக்க ஆரம்பிக்கும். ஆறிய பிறகும் முழுசாகத் திரும்பாது. கொதிக்கும் தண்ணீரோ 100 டிகிரி! ஃபெரைட் காந்தம் சுமார் 250 டிகிரி வரை தாங்கும், ஆனால் இழுவிசை குறைவு. அதனால் ஸ்டிரரை அடுப்பிலோ, இண்டக்‌ஷன் மேலோ வைக்கவே கூடாது. அடுப்பில் சூடாக்கி, இறக்கி, பலகையில் வைத்துச் சுற்ற விடுங்க. பலகைக்கும் காந்தத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று இடைவெளி இருக்கட்டும்.

இதையும் கவனிங்க!

உள்ளே போடும் குச்சி டெஃப்லான் கோட்டிங் உள்ளதாக இருக்கணும். வெறும் காந்தத்தைச் சாப்பிடும் பொருளில் போடாதீங்க. சர்க்கரைத் தண்ணீர், சாயம் போன்ற நீர்த்த திரவத்துக்குத்தான் இது சரிவரும். பால்கோவாவுக்குக் கரண்டியும் கையும்தான்!

வீட்டில் குழந்தைகள் இருந்தால் காந்தங்களை எட்டாத இடத்தில் பூட்டி வைங்க. இரண்டை விழுங்கிவிட்டால், குடலுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.