சர்வீஸ் செய்த வாட்ச் நேரம் தவறுவது ஏன்?

பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. அந்த 'ஜனதா' வாட்ச் இன்றும் நம் வணிகர்கள் சிலரின் கையில் ஓடுகிறது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. ஆகவே சர்வீஸுக்குப் பின் நேரம் தவறினால், அவசரப்பட்டு அசல் பாகங்களை மாற்றிவிடக் கூடாது. முதலில் காரணத்தைக் கண்டறிவோம்.

ஜனதா மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு ஒன்றரை நிமிடம் மாறிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, சில நாள் கணக்கெழுதிப் பார்ப்போம்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், காந்தம் ஏறி ஹேர் ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். கல்லா அருகிலுள்ள ஸ்பீக்கரும் காந்தமுள்ள செல்போன் உறையும் போதும். காந்தம் நீக்கச் சில விநாடிகளே ஆகும்.

படுக்க வைத்தால் ஒரு நேரம், நிறுத்தி வைத்தால் வேறு நேரம் காட்டினால், பேலன்ஸ் சக்கரத்தின் எடைச் சமநிலையையும் அச்சு முனைகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சாவி கொடுத்ததும் சரியாக ஓடி, மறுநாள் காலைக்குள் வெகுவாக மாறினால், மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அழுக்கோ எண்ணெயோ மிகுந்திருக்கலாம்.

எந்த நிலையிலும் ஒரே அளவு பிசகினால், பெரும்பாலும் வேகம் திருத்தும் நெம்பைச் சற்று நகர்த்தினால் போதும்.

தராசு பிசகினால் தட்டைச் சோதிக்காமல் படிக்கல்லை மாற்றுவோமா? கணக்கெழுதிய சீட்டோடு ரிப்பேர்காரரிடம் செல்வோம். அவர் வேலையும் எளிதாகும், நம் பணமும் மிச்சமாகும்.