உடல் தரும் எச்சரிக்கை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுபுஹு நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் மஹல்லாவாசி ஒருவர் உளூச் செய்துகொண்டிருந்தார். வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீர் வலது கடைவாயில் வழிந்தது. வலக்கையில் அள்ளிய நீரும் நிற்கவில்லை. "கண்ணேறு பட்டிருக்கும் ஹஸ்ரத், ஓதிப் பாருங்கள்" என்றார். நானும் ஓதி ஊதினேன். கால் மணி நேரத்தில் கை சரியாயிற்று; மகிழ்ச்சியோடு வேலைக்குச் சென்றார். மறுநாள் அவரால் எழ இயலவில்லை. வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போயிருந்தது.

ஓதியது பிழையன்று, ஓதியதோடு நிறுத்திக்கொண்டது என் பிழை. அப்பிழை வேறெவருக்கும் நேரக்கூடாது என்றே இதனை எழுதுகின்றேன்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுப் பின் சீரானால், அறிகுறி மறைந்துவிடும், காரணம் மறைவதில்லை. இவ்வாறு வந்து மறைந்தபின் முதல் இரண்டு நாட்களில்தான் பக்கவாதம் வரும் ஆபத்து மிகுதி. ஆகவே, 'சரியாகிவிட்டதே' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்வது? மூன்று நிலைகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த நிமிடமே செல்ல வேண்டியவை. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மறைதல், இதுவரை கண்டிராத கடும் தலைவலி இடிபோல் தாக்குதல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல் ஆகியன. 2008 முதல் நம் மாநிலத்தில் கட்டணமின்றி இயங்கும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதற்குமுன், அடைப்பா இரத்தக்கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தே அறிய முடியும். ஆதலால் வீட்டில் மாத்திரையோ, ஓதிய தண்ணீரோகூடப் புகட்டாதீர்கள்; விழுங்க இயலாமல் புரையேறக்கூடும்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். முதன்முறை வந்தாலோ, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ 108ஐ அழையுங்கள்.

இரண்டாவது, அன்றைக்கே காட்ட வேண்டியவை. கால்களில் தொடங்கிய தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறுதல். முதுகுவலியுடன் கால்கள் வலுவிழந்து சிறுநீர் தடைப்படுதல். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரில் பலரைத் தாக்கிய கில்லன் பாரே நோய் இவ்வாறு காலிலிருந்தே ஏறுவது. மூச்சுத் தசைகளை அது எட்டுமுன் மருத்துவமனையில் சேர வேண்டும். மூச்சுத் திணறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்கலாகாது.

மூன்றாவது, சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை. பாதம் எரிதல், மரத்தல், கை நடுக்கம், காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடத்தல் ஆகியன. சர்க்கரை நோயோ, வைட்டமின் பி12 குறைவோ காரணமாகலாம். இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர்களும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆவடி, அம்பத்தூர் மக்கள் மின்சார ரயிலிலும், பூவிருந்தவல்லி மக்கள் நெடுஞ்சாலை வழியே பேருந்திலும் சென்ட்ரல் சென்றால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் துறை உள்ளது. ஆனால் ரயிலும் பேருந்தும் மூன்றாவது நிலைக்குத்தான். முதல் நிலைக்கு அல்ல.

'ஜின் பிடித்துவிட்டது' என்று மாதக்கணக்கில் தாயத்துடன் அலைவோரே! 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல் கானூன்' நூலில் வலிப்பையும் வாதத்தையும் மூளை, நரம்பு சார்ந்த நோய்களாகவே ஆராய்ந்தார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைப்பதே தவக்குல். கட்டாமல் விடுவது அலட்சியம்.

அந்தச் சகோதரர் இன்று நாற்காலியில் அமர்ந்து தொழுகின்றார். ஸலாம் சொன்னால் இடக்கையை நீட்டுகின்றார். அந்தக் கையைப் பற்றும்போதெல்லாம் அந்தச் சுபுஹு என் நினைவுக்கு வருகின்றது. இப்போது எவர் ஓதிப் பார்க்க வந்தாலும், முதலில் நான் கேட்பது, "இது எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதைத்தான்.

உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதனைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.