கொடைக்கானல் பார்த்த கம்பம்

எண்பதுகளில் சிவகாசிப் பக்கம் ஒரு வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்பதை மொட்டைமாடியைப் பார்த்தே ஊகித்துவிடலாம். ஆன்டெனா தென்கிழக்கே திரும்பியிருந்தால் இலங்கை டி.வி.யான ரூபவாஹினி. வடக்கே, கொஞ்சம் மேற்காகத் திரும்பியிருந்தால் கொடைக்கானல். ரூபவாஹினி தொடங்கியது 1982 பிப்ரவரியில். அப்போது சென்னைத் தூர்தர்ஷன் இந்தப் பக்கம் எட்டவே எட்டாது. கடல் தாண்டி வரும் கிரிக்கெட்டுக்காகவும் தமிழ்ப் படத்துக்காகவும் தென் மாவட்டங்களில் இரும்புக் குழாயை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் பூஸ்டர் வைத்துக் கட்டினார்கள். பிறகு தூர்தர்ஷனின் கொடைக்கானல் நிலையம் வந்தது. அதுவும் காக்கை பறக்கும் தூரத்தில் தொண்ணூறு கிலோமீட்டர். கம்பம் இறங்கவில்லை, திசைதான் மாறியது. மாடியில் ஒருவர், வாசலில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால்தான் படம் தெரியும். “இன்னுங் கொஞ்சம் திருப்புடா” என்ற சத்தம் தெருவெங்கும் கேட்கும்.

கேபிள் டி.வி. அந்தக் கம்பங்களைத் துணி காயப்போட விட்டுவிட்டது. இடையில் கொஞ்ச காலம் பி.எஸ்.என்.எல்.லின் கம்பியில்லா டபிள்யூ.எல்.எல். போனுக்காகக் கிராமத்து வீடுகளில் சின்ன யாகி ஆன்டெனா முளைத்தது. செல்போன் மலிந்ததும் அதுவும் போயிற்று.

இப்போது கம்பம் மறுபடி ஏறியிருப்பது ஊருக்கு வெளியே, பயர் ஆபீஸ் என்று இந்தப் பக்கம் சொல்லும் பட்டாசு ஆலைகளில். பட்டாசு ஆலை ஊரை ஒட்டி இருக்க முடியாது. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டுக்குள், ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும். செல் டவரோ ஆள் குடியிருக்கும் பக்கமும் சாலையோரமும்தான் நிற்கிறது. முன்பு இது யாருக்கும் உறுத்தவில்லை. வியாபாரம் முழுக்க டவுன் ஆபீசில், டிரங்க் காலிலும் தந்தியிலும் நடந்தது. காட்டுக்குச் சேதி கொண்டுபோக ஒரு சைக்கிள் போதும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் என்று வந்த பிறகு, லோடு ஏற்றும் இடத்திலேயே நெட் இருந்தால்தான் லாரி நேரத்துக்குக் கிளம்பும். சிசிடிவியும் சேர்ந்துகொண்டது. வாசல் ஆபீசில் சிம் போட்ட ரவுட்டர் வந்து உட்கார்ந்தது. வேலைக்கு வருகிறவர்களின் செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் அதே வாசலில்தான். வெடிமருந்து புழங்கும் ரூம் பக்கம் இந்த வயரும் கருவியும் போகக் கூடாது.

சிக்னல் ஒரு கோட்டில் நின்றால் பழைய கை பரபரக்கிறது: கம்பத்தை உயர்த்து! தொண்ணூறு கிலோமீட்டரை எட்டிப் பிடித்த பழக்கம். இங்கே டவர் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. தடுப்பது பெரும்பாலும் சுவரும் தகரக் கூரையும் மரமும்தான். அவற்றைத் தாண்டிவிட்டால் போதும். அதற்குமேல் உயர்த்தும் ஒவ்வொரு அடிக்கும் கேபிள் நீளும், கேபிள் சிக்னலைத் தின்னும். ஒல்லியான ஆர்.ஜி.58 கேபிள் பத்து மீட்டர் ஓடினால் 1800 மெகாஹெர்ட்ஸில் ஆறேழு டெசிபல் போய்விடும். ஆன்டெனா பிடித்ததில் கால் பங்கு கீழே வந்து சேர்ந்தாலே பெரிது. தடித்த எல்.எம்.ஆர்.400 கேபிளில் அதே தூரத்துக்கு இரண்டு டெசிபல்தான் போகும். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆன்டெனா வாங்குகிறவர் கேபிளில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார். இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் புரிவதே இல்லை.

இன்னொன்று, 4ஜி ரவுட்டரின் பின்னால் ஆன்டெனாவுக்கு இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் மட்டும் மாட்டிவிட்டு நெட் ஓடவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு ஓடையாகத் தரவு வருவதால் இரண்டு ஆன்டெனா வேண்டும். ஒன்று வலப்பக்கம் 45 டிகிரி சாய்ந்தும் மற்றது இடப்பக்கம் அதே அளவு சாய்ந்தும் இருக்க வேண்டும். டவரிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

திருப்புவதற்கு இன்று மூன்று பேர் வேண்டாம். ரவுட்டரின் வெப் பக்கத்தைச் செல்லில் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரே பார்க்கலாம். சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. மைனஸ் 110 என்றிருந்து மைனஸ் 95 ஆனால் நல்ல முன்னேற்றம். ஆனாலும் கடைசியில், இரைச்சலோடு ஒப்பிட்டுச் சிக்னலைக் காட்டும் எஸ்.ஐ.என்.ஆர். எங்கே அதிகமோ அங்கேதான் நட்டை முறுக்க வேண்டும். பலமாகக் கேட்கும் டவரைவிட இரைச்சலில்லாமல் கேட்கும் டவர் வேகமாகத் தரும்.

பூஸ்டர் விஷயத்தில் மட்டும் பழைய பழக்கம் வம்பில் மாட்டிவிடும். டி.வி.க்கு யார் வேண்டுமானாலும் வைத்தார்கள். செல் சிக்னல் பூஸ்டரை அனுமதியின்றி வைப்பது குற்றம், பக்கத்தில் எல்லோருடைய இணைப்பையும் அது கெடுக்கும். மின்சாரமில்லாத வெறும் ஆன்டெனாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் வந்த பிறகு மோடமே மாடியேறிவிட்டது. ஆன்டெனாவும் மோடமும் ஒரே பெட்டியில் கம்பத்தின் மேல். கீழே இறங்குவது ஈதர்நெட் வயர் ஒன்றுதான், மின்சாரமும் அதிலேயே போகிறது. கேபிள் சிக்னலைத் தின்னும் தொல்லை தீர்ந்தது. இருந்தாலும் பெட்டி நிற்பது உலோகக் கம்பத்தில்தான். ஐப்பசி இடி எந்தத் தொழில்நுட்பத்தையும் மதிப்பதில்லை. ஆலையில் இடிதாங்கி இருக்கிறதே என்று வாசல் ஆபீஸ் கம்பத்தைச் சும்மா விடக் கூடாது, அதற்கும் எர்த் கம்பி இறக்கியே ஆக வேண்டும். ஆன்டெனா மாட்ட வருகிறவரிடம் சிக்னல் எத்தனை கோடு வரும் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். எர்த்துக்குத் தனிக் காசு என்றால் கொடுத்துவிட வேண்டும்.